40 சதவீதம், எந்த விலையிலிருந்து?

ஆனி மாதக் கடைசியில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க மயிலாடுதுறைக்குப் போயிருந்தோம். மணிக்கூண்டுப் பக்கம் ஒரு கடை. மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட பருத்திப் புடவை ஒன்று அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவிடம் கலர் கேட்கலாம் என்று போனில் படம் எடுத்து அனுப்பினேன். அக்காவின் பதில் வருவதற்குள் அம்மா வேறு புடவைக்கு மனம் மாறிவிட்டார். அதோடு அதை மறந்தும் விட்டோம்.

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். அதே கடை வாசலில் ‘ஆடித் தள்ளுபடி 40%’ என்று ஆளுயர பேனர். உள்ளே போனால் அதே மஞ்சள் புடவை. டேக்கில் 1,900 என்று அச்சடித்து, அதன் மேல் சிவப்புக் கோடு. கீழே பெரிய எழுத்தில் 1,140. ‘எழுநூத்தி அறுவது ரூபா கொறையுதுடி’ என்று அம்மா புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்குப் போனில் இருந்த படம் ஞாபகம் வந்தது. எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். டேக்கில் 1,150. கோடு எதுவும் இல்லை. பார்கோடுக்குக் கீழே இருக்கும் எண்ணை இரண்டிலும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். கடைசி எண் வரைக்கும் ஒன்றேதான்.

‘அண்ணே, இது போன மாசம் 1,150 போட்டிருந்துச்சே?’ என்று கேட்டேன். புடவை எடுத்துப் போடுகிறவர் படத்தைப் பார்த்தார், டேக்கைப் பார்த்தார். ‘அது பழைய டேக்குக்கா. ஆடிக்கு எல்லாத்துக்கும் புது டேக் மாத்தியிருக்காங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போனார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. டேக் அடிக்கிற இடம் வேறு, காலையிலிருந்து நின்றுகொண்டே புடவை உதறுகிற மனிதர் வேறு.

40 சதவீதம் தள்ளுபடி என்று எழுதிய புடவையில் உண்மையாகக் குறைந்தது 10 ரூபாய். அதையும் சொல்ல வேண்டும், புடவை நல்ல புடவை. 1,140 அதற்கு நியாயமான விலைதான். அம்மா எடுத்துக்கொண்டார், இன்றும் கட்டுகிறார். அந்த 1,900 மட்டும்தான் பொய். இந்தக் கட்டுரை முழுக்க அந்த 1,900 போன்ற விலைகளைப் பற்றியது.

கோடு போட்ட விலை

எந்தத் தள்ளுபடியிலும் இரண்டு விலைகள் இருக்கும். நாம் கொடுக்கப் போகும் விலை ஒன்று. அதற்குப் பக்கத்தில் கோடு போட்டு நிற்கும் விலை இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் தள்ளுபடி என்கிறோம். நாம் கொடுக்கும் விலையில் பொய் இருக்க முடியாது, அது பில்லில் வந்துவிடும். கோடு போட்ட விலையோ யாரும் கொடுக்காத விலை. அது ‘இந்தப் பொருள் இதற்கு முன் இந்த விலைக்கு விற்றது’ என்று கடை சொல்லும் ஒரு பேச்சு. அந்தப் பேச்சு உண்மையா என்பதைப் பொறுத்துத்தான் தள்ளுபடி உண்மையா என்பது.

சதவீதம் என்றாலே எதிலிருந்து சதவீதம் என்ற கேள்வி வர வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு இது புதிதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள். 18 என்று மீட்டர் காட்டினால் நம் ஆட்கள் சும்மா வருவார்களா? எந்த மூட்டையிலிருந்து எடுத்தீர்கள், மேலிருந்தா அடியிலிருந்தா, இன்னொரு தரம் வைத்துப் பாருங்கள் என்று கேட்பார்கள். ஒரு சதவீதத்துக்கு அவ்வளவு கேள்வி கேட்கும் அதே மனிதர்கள் ஜவுளிக்கடையில் 40 சதவீதத்தைக் கேள்வியே இல்லாமல் வாங்கிக்கொள்கிறோம்.

ஏன் என்று யோசித்தால் அதில் நம் தப்பு குறைவு, மனசின் வேலை அதிகம். 1974-ல் ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுற்றுவார்கள். அது 10-லோ 65-லோ நிற்கும்படி முன்பே செய்து வைத்திருந்தார்கள். பிறகு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் இருக்கும் என்று கேட்பார்கள். சக்கரம் 10-ல் நின்றதைப் பார்த்தவர்களின் இடைநிலை மதிப்பீடு, அதாவது எல்லாப் பதிலையும் வரிசையாக வைத்தால் நடுவில் வருவது, 25. 65-ல் நின்றதைப் பார்த்தவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் முதலில் கண்ணில் பட்ட எண் மனசைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

நம் சந்தைகளுக்கு இந்த வித்தை பழையது. ‘ஆனை விலை குதிரை விலை சொல்றான்’ என்கிறோமே, அதுதான். மாட்டுச் சந்தையிலோ பாத்திரக் கடையிலோ முதலில் ஒரு பெரிய விலை சொல்வார்கள். ஆனால் அங்கே அது பேரத்தின் தொடக்கம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சொன்னவரும் அந்த விலை கிடைக்கும் என்று நினைப்பதில்லை, கேட்டவரும் அதைக் கொடுக்க நினைப்பதில்லை. பாதியில் ஆரம்பித்து எங்கேயோ முடியும். கோடு போட்ட டேக் அந்தப் பேரத்தையே நம் பேச்சை எடுத்துவிட்டு நடத்துகிறது. ஆனை விலையையும் அவர்களே சொல்லி, நம் சார்பில் குறைத்தும் அவர்களே கேட்டு, முடிந்த விலையையும் அவர்களே அச்சடித்துத் தருகிறார்கள். வாயால் சொன்னால் பேரம். அச்சில் வந்துவிட்டால் அதற்கு ஒரு சாட்சியின் மரியாதை வந்துவிடுகிறது. என் அம்மா சந்தையில் யாரையும் நம்ப மாட்டார். டேக்கை நம்பினார்.

அந்த விலை எப்படி உருவாகிறது

எங்கள் வீட்டில் நடந்தது எளிய வகை: தள்ளுபடிக்கு முன் டேக்கை ஏற்றுவது. புடவை போன்ற பொருளில் பெரும்பாலும் கடையே அடித்த டேக்தான் இருக்கும். அதை மாற்ற ஒரு இரவு போதும்.

இரண்டாவது வகையில் யாரும் டேக்கை மாற்றுவதுகூட இல்லை. எம்.ஆர்.பி. என்பதை நம்மில் பலர் ‘அரசு வைத்த விலை’ என்று நினைக்கிறோம். அது தயாரிப்பாளர் தானே வைத்து அச்சடிக்கும் அதிகபட்ச சில்லறை விலை. எல்லா வரியும் சேர்ந்தது. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் விதி. மருந்து போன்ற சிலவற்றுக்கு அரசு உச்சவரம்பு வைக்கிறது. மற்றபடி அந்த எண்ணைத் தயாரிப்பாளர் எவ்வளவு உயரத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒரு மிக்ஸிக்கு 6,500 என்று பெட்டியில் போட்டு, ஊரில் உள்ள எல்லாக் கடையும் 3,900-க்கு விற்றால், ‘எம்.ஆர்.பி.யில் 40 சதவீதம் கழிவு’ என்று ஒரு கடை போர்டு வைப்பதில் எழுத்தளவில் பொய்யே இல்லை. ஆனால் அந்தக் கடைக்கு என்று எந்தத் தள்ளுபடியும் இல்லை. பக்கத்துக் கடையிலும் அதே 3,900தான். இந்த வகையைத்தான் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் கோடு போட்ட விலை நிஜமாகவே பெட்டியில் இருக்கிறது. அதை யாராவது என்றைக்காவது கொடுத்தார்களா என்று கேட்டால்தான் விஷயம் புரியும்.

‘மார்க்கெட் விலை 2,500, எங்கள் விலை 1,400’ என்று எழுதுவது இன்னொன்று. எந்த மார்க்கெட்? அந்தக் கடை தனக்கென்று நெய்யச் சொல்லி வாங்கிய ரகம் வேறு எங்கும் விற்காது. விற்காத பொருளுக்கு மார்க்கெட் விலை எங்கிருந்து வரும்?

இன்னொரு வகையை எனக்குச் சொன்னவர் என் மாமா. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ‘ஆடிக்குன்னே தனியா சரக்கு வரும்மா. அது ஆடிக்கு முன்னாடியும் கடையில இருந்ததில்ல, ஆவணி வந்தா இருக்காது’ என்றார். அப்படியானால் அதன் பழைய விலை என்று எதைச் சொல்ல முடியும்? அது முதல் நாளே தள்ளுபடி விலையில் பிறந்த சரக்கு. அவர் ஒரு புடவையைக் கையில் கொடுத்து எனக்குக் காட்டினார். முந்தானையை வெளிச்சத்தில் பிடித்தால் விரலின் நிழல் தெரிந்தது, இழை அவ்வளவு நெருக்கம் இல்லாமல் இருந்தது. அப்புறம் ஓரத்தைப் பிடித்து முழம் போட்டார். பதினொரு முழத்துக்குமேல் வர வேண்டிய இடத்தில் சாண் அளவு குறைந்தது. ‘கொசுவத்துல ஒரு மடிப்பு வராது. கட்டிப் பாத்தாத்தான் தெரியும், கடையில தெரியாது’ என்றார். ஐந்தரை மீட்டர் புடவை, ரவிக்கைத் துணி தனி என்று டேக்கில் எழுதியிருந்தால் இஞ்ச் டேப் வைத்து அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

‘வரை’ என்ற சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘50% வரை’ என்ற போர்டில் 50 ஆள் உயரம், ‘வரை’ எறும்பு உயரம். வாசலில் கிடக்கும் கூடையில் நாலு துண்டுக்கு 50, உள்ளே நாம் எடுக்கப் போகும் வேட்டிக்கு 5.

ஆடியில் ஏன் இவ்வளவு

ஆடித் தள்ளுபடி முழுக்கப் பொய் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்குப் பின்னால் ஒரு உண்மையான காரணம் இருக்கிறது, அதுவும் எங்கள் பக்கத்தில் கண்ணால் பார்க்கிற காரணம்.

ஆடியில் கல்யாணம் இல்லை. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் பட்டு நகராது. இன்னொரு பக்கம், ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால் குறுவை வயலில் நிற்கும். சம்பாவுக்கு நாற்று விட வேண்டும். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி சொல்வது போல வீட்டில் இருக்கும் காசெல்லாம் உழவுக்கும் விதைக்கும் உரத்துக்கும் போய்விடும். காசு திரும்பி வருவது குறுவை அறுத்த பிறகு தீபாவளியை ஒட்டி, அப்புறம் சம்பா அறுத்துத் தை மாதம். நடுவில் கடையில் ஆள் இருக்காது. ஆள் இல்லாவிட்டாலும் கடைக்காரர் வாடகை கொடுக்க வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும், தீபாவளிச் சரக்குக்கு இடம் ஒழிக்க வேண்டும். தங்கிப்போன சரக்கை லாபத்தைக் குறைத்துத் தள்ளிவிடுவது அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

உண்மையான தள்ளுபடிக்கு இப்படி ஒரு காரணம் இருக்கும். யாரோ ஒருவர் அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்திருப்பார். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதம் சிறப்புத் தள்ளுபடி தருவது வழக்கம். கைத்தறி நகர வேண்டும், நெசவாளருக்குத் தொடர்ந்து வேலை இருக்க வேண்டும் என்பது அதன் காரணம். திருபுவனத்திலும் கூறைநாட்டிலும் தறி வைத்திருக்கும் குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த 30-க்குப் பின்னால் இருப்பது புரியும். பொய்த் தள்ளுபடியில் யாரும் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். ஆடியில் டெல்டா வீட்டில் இருக்கும் காசு பெரும்பாலும் சொந்தக் காசு இல்லை. நகையை அடகு வைத்து வாங்கிய பயிர்க் காசு, இல்லாவிட்டால் குழுவில் எடுத்த கடன். ‘இப்ப விட்டா 760 ரூபா போயிடும்’ என்ற நினைப்பில் அதிலிருந்து 1,140 எடுத்துக் கொடுக்கிறோம். அந்த 760 நிஜமாக இருந்திருந்தால்கூட ஒரு கணக்கு இருக்கிறது. இல்லாத 760-க்காக உரக் காசைத் தொடுவது மனசுக்கு ஆகவில்லை. தீபாவளி வரைக்கும் பொறுத்து, கையில் சொந்தக் காசு இருக்கும்போது அதே 1,150-க்கு எடுத்திருக்கலாம்.

கணக்கு

சில கணக்குகளைப் போட்டுப் பார்த்துவிடுவோம். ‘50% + 20%’ என்றால் 70 என்று தோன்றும். 1,000 ரூபாயில் பாதி போனால் 500. அந்த 500-ல் 20 சதவீதம் 100. கொடுப்பது 400. தள்ளுபடி 60 சதவீதம்தான்.

‘2 எடுத்தால் 1 இலவசம்’ என்பது மூன்றும் தேவைப்பட்டால் 33 சதவீதம். சட்டை ஒன்று 600 என்றால் மூன்று 1,200. ஆனால் அந்தச் சட்டை முந்தின மாதம் 450-க்கு விற்றிருந்தால்? மூன்று 1,350. இப்போது 1,200. குறைந்தது 150 ரூபாய், அதாவது 11 சதவீதம். ஒரு சட்டை மட்டும் எடுக்க வந்தவருக்கோ 150 ரூபாய் ஏறிவிட்டது.

நகையில் கணக்கு இன்னும் பெரிது. தங்கத்தின் விலை எல்லாக் கடை போர்டிலும் ஏறக்குறைய ஒன்றே இருக்கும். கடைக்குக் கடை மாறுவது செய்கூலியும் சேதாரமும். கணக்குக்காகக் கிராம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன் 80,000. ‘கிராமுக்கு 200 ரூபாய் தள்ளுபடி’ என்று அட்சய திருதியைக்கு ஒரு கடை விளம்பரம் செய்கிறது. பவுனுக்கு 1,600 மிச்சம். அங்கே சேதாரம் 18 சதவீதம், 14,400. தள்ளுபடி எதுவும் சொல்லாத பக்கத்துக் கடையில் சேதாரம் 12 சதவீதம், 9,600. வித்தியாசம் 4,800. அதில் 1,600-ஐக் கழித்தால், தள்ளுபடிக் கடையில் வாங்கியவர் 3,200 ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறார். ‘சேதாரம் இல்லை’ என்ற போர்டும் இப்படித்தான், செய்கூலியைப் பார்க்காமல் சந்தோஷப்பட முடியாது. நகைக்கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ‘இந்த நகை, வரி எல்லாம் சேர்த்து, பில்லில் எவ்வளவு வரும்?’ அதை இரண்டு கடையில் கேட்டு எழுதிக்கொண்டால் போதும். எடையும் 22 காரட்டும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போனில் வாங்கும்போது இதே வேலை வேறு முகத்தில் வரும். ‘இன்னும் 2 மட்டுமே மீதம்’, ‘சலுகை முடிய 09:58’ என்று நொடி ஓடும். நாளைக்குத் திறந்தாலும் அதே 2, அதே பத்து நிமிஷம். இப்படிப் பொய் அவசரம் காட்டுவது உட்பட 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளை 2023 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறை போட்டுத் தடை செய்திருக்கிறது. முதலில் ஒரு விலை காட்டிக் கடைசிப் பக்கத்தில் கட்டணங்களை ஏற்றுவதும் நாம் கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு.

சட்டம் எங்கே நிற்கிறது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் 2-ஆம் பிரிவின் 47-ஆம் உட்பிரிவு நேர்மையற்ற வணிக முறை என்ன என்று சொல்கிறது. ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்கு விற்றது, விற்கிறது என்பதில் மக்களைத் தவறாக நம்ப வைப்பது அதில் வருகிறது. மலிவு விலை என்று விளம்பரம் செய்துவிட்டு, அந்த விலைக்கு நியாயமான காலத்துக்கும் நியாயமான அளவுக்கும் பொருளைக் கொடுக்க எண்ணமே இல்லாமல் இருப்பதும் வருகிறது. அதாவது எங்கள் 1,900 ரூபாய் டேக் வெறும் வியாபாரத் தந்திரம் என்று விட்டுவிடக்கூடியது இல்லை, சட்டம் பெயர் சொல்லிக் குறிக்கும் தவறு. தவறான விளம்பரத்தை நிறுத்தவும் திருத்தவும் உத்தரவிட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை என்று சட்டத்தில் இடம் இருக்கிறது.

இது காகிதத்தோடு நின்றுவிடவும் இல்லை. ‘40% தள்ளுபடி’ என்று விளம்பரம் செய்துவிட்டு, கழித்த விலைக்கு மேல் தனியாக வாட் வரி போட்ட ஒரு வழக்கில், எம்.ஆர்.பி.யிலேயே வரி அடக்கம் என்னும்போது இது மக்களைத் திசைதிருப்பும் விளம்பரம் என்று 2017-ல் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் சொன்னது. இத்தனைக்கும் வரித் தொகை ஒரு பில்லுக்கு நூறு ரூபாயை ஒட்டித்தான்.

நம் சட்டத்தில் ஒரு குறை எனக்குத் தெரிகிறது. ‘வழக்கமான விலை’ என்றால் எத்தனை நாள் விற்ற விலை என்ற எண் அதில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் அந்த எண் உண்டு. விலை குறைத்ததாகச் சொன்னால், அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும். ஆல்டி சூட் என்ற கடைக் குழுமம் வாழைப்பழத்துக்கும் அன்னாசிக்கும் போட்ட விளம்பரம் ஒன்று ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. அந்தக் குறைந்த விலையை ஓரத்தில் சின்னதாக எழுதினால் போதாது, சதவீதத்தையே அதிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அந்த விதி இங்கே இருந்திருந்தால் எங்கள் கடை பேனரில் 40 வந்திருக்காது. 1,150-லிருந்து 1,140 என்றால் ஒரு சதவீதம்கூட இல்லை.

சரி, கடைக்காரர்கள் ஏன் நேராக ஒரே விலை போடக் கூடாது? அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்ற பெரிய கடைக் குழுமம் 2012-ல் அதைச் செய்து பார்த்தது. ரான் ஜான்சன் என்ற தலைவர் ஏற்றி இறக்கும் தள்ளுபடியையும் கூப்பனையும் நிறுத்திவிட்டு, தினமும் நியாயமான ஒரே விலை என்று வைத்தார். அந்த ஆண்டு விற்பனை கால்வாசி விழுந்தது. 2013 ஏப்ரலில் அவர் வெளியே அனுப்பப்பட்டார், கடை மறுபடி தள்ளுபடிக்கே திரும்பியது. நேர்மையாக விலை போடும் கடைக்கு நாமும் கொஞ்சம் ஆதரவு கொடுக்க வேண்டியிருக்கிறது. பேனர் இல்லாத கடையையும் ஏறி இறங்கிப் பார்க்கலாம்.

ஏமாந்தது தெரிந்தால்

பேனரைப் படம் எடுங்கள், டேக்கைப் படம் எடுங்கள், பில்லைக் கண்டிப்பாக வாங்குங்கள். பழைய விலைக்கு ஏதாவது ஆதாரம் இருந்தால் சேர்த்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கடை சென்னையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பது 2019 சட்டம் கொடுத்த வசதி. வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ‘தள்ளுபடிச் சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பார்கள். பிடிக்காததற்குத் திருப்ப முடியாது, சரி. குறை உள்ள பொருளுக்கு அந்த வாசகம் செல்லாது. பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையும் அதே 47-ஆம் உட்பிரிவு தவறு என்கிறது. தண்ணீரில் போட்டதும் சாயம் ஓடி வெள்ளை ரவிக்கையைப் பாழாக்கிய புடவைக்குத் தள்ளுபடி என்ற காரணம் போதாது.

இந்த வருஷம் அம்மா தன் போனிலேயே படம் எடுக்கப் பழகிவிட்டார். ஆனியில் மூன்று கடையில் பதினொரு புடவைக்கு டேக்கோடு படம். ஆடியில் அதே கடைகளுக்குப் போனபோது ஏழு புடவை மிச்சம் இருந்தன. நாலில் டேக் ஏறியிருந்தது. மூன்றில் டேக் அப்படியே இருந்தது, அந்த மூன்றும் பட்டமங்கலத் தெருவில் பேனர் இல்லாத ஒரு சின்னக் கடையில். 850-க்கு இருந்த பச்சைப் புடவையைக் கடைக்காரர் 680-க்குப் போட்டிருந்தார். ஏன் குறைத்தீர்கள் என்று அம்மா கேட்டார்.

‘பொங்கலுக்கு வந்த சரக்கும்மா. ஆறு மாசமா அலமாரியில இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது. தீபாவளிச் சரக்கு எங்க வைக்கிறது?’ என்றார் கடைக்காரர். அம்மா புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முழம் போட்டு அளந்து, பில் போடச் சொன்னார்.